நீச்சல் குளத்தின் நீர்மட்டம்

பாய்,

போன வாரம் ஒரு காலைப் பொழுதில் மேடையில் நின்று மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று திரும்பியது. ப்ளீச்சிங் பவுடர் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஊழியர், "இன்னா மேடம், கண்ணு எரியுதா? மருந்து கொஞ்சம் ஜாஸ்தியா கொட்டிட்டாங்க" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டேன்.

நீச்சல் குளத்தை மறுபடியும் திறந்தார்கள், பாய். அதே குளம்தான். உடைந்த ஓடுகளை மாற்றியிருக்கிறார்கள். புது ஓடுகளின் நீலம் பழைய நீலத்தோடு சேரவில்லை. மதிலுக்குப் பின்னால், விருந்தினர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றன. முதல் தடவை திறந்த அன்றைக்கும் அங்கேதான் நின்றன, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விழாவைத் தொகுத்து வழங்கியது நான். எனக்குக் கொடுத்த தாளின் முதல் வரி, "நம் மாவட்ட மக்களுக்காக முதன்முறையாக" என்று தொடங்கியது. படித்தேன். 'முதன்முறையாக' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டு, அழுத்திப் படித்தேன். கைதட்டினார்கள்.

நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவள் நான். அப்போது எழுதத் தோன்றவில்லை. அந்த ஒரு சொல்லைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் உள்ளூர் கேபிள் சேனலுக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தனியார் நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஆண்டு விழாவில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, உங்கள் மகளைக் கூட்டிப்போக வந்த நீங்கள் பள்ளி வாசலிலேயே நிறுத்திக் கேட்டீர்கள். "சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து நியூஸ் படிப்பீங்களா? வீட்டுக்காரரக் கேட்டுட்டு சொல்லுங்க." என் வீட்டுக்காரர் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். இன்றைக்கு நிரந்தரம் ஆகும், நாளைக்கு ஆகும் என்று காத்திருந்த காலம். டிவியில் வருவது கௌரவம்தானே என்று அவரும் சரி என்றார்.

உங்கள் அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் ஸ்டுடியோ. பின்னால் மலைப்படம் ஒட்டிய பலகை. முன்னால் என் ஒரு நாற்காலி. பதிவு தொடங்கியதும் மின்விசிறியை நிறுத்திவிடுவீர்கள். முகத்தில் போட்ட பவுடர் வியர்வையில் வழிந்து கழுத்துக்கு வரும். இத்தனை ஏற்பாடும் எதற்கு? எந்தத் தெருவுக்கு எப்போது குடிநீர் வரும், எந்தப் பகுதியில் மின்தடை, சாத்தனூர் அணை நீர்மட்டம் எத்தனை அடி, சந்தையில் மணிலாக்கொட்டை என்ன விலை. பெரிய சேனல்கள் எதிலும் இது வராது. அதனாலேயே ஊர் முழுக்க ஏழு மணிக்கு நம்மைப் பார்த்தது.

பௌர்ணமி வந்தால் நமக்கு வேறு வேலையே இருக்காது. கிரிவலத்தில் தொலைந்த குழந்தைகளின் படம் வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா படியில் உட்கார்ந்து அழுதார். உங்களுக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அவரைத் தேற்றிவிட்டு, குழந்தையின் படத்தைத் திரையில் போட்டீர்கள். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் நம் சேனல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அதே குழந்தை அவர் கடை பெஞ்சிலேயே பிஸ்கட் தின்றுகொண்டிருந்ததாம். அந்த அம்மா உங்கள் காலில் விழ வந்தபோது நீங்கள் மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

குளத்தை முதல் தடவை திறந்ததும் அந்த வருடம்தான். அரசுப் பணத்தில் கட்டிய குளம். வெளியூரிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீந்திக் காட்டினாள், பூ தூவினார்கள். நீங்கள் முழுவதையும் படம் எடுத்தீர்கள். சந்தோஷமாகத்தான் எடுத்தீர்கள். அன்றைய செய்தியில் அதுதான் முதல் செய்தி. "நல்லது செஞ்சா நல்லதுன்னு சொல்லணும்மா" என்றீர்கள்.

இரண்டு வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. வெளியேற்றினார்கள். மறுபடி நிரப்பவில்லை. போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று ஒருவர் சொன்னார். தண்ணீர் இருக்கிறது, மோட்டாருக்கு மின் இணைப்புதான் வரவில்லை என்று இன்னொருவர் சொன்னார். கேட்டில் பூட்டு தொங்கியது. என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனீர்கள். காவலாளி நல்ல மனிதர், உள்ளே விட்டார். குளத்தின் அடியில், நீல ஓடுகள்மேல், மணிலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"யாருதுங்க இது?" என்று கேட்டீர்கள்.

"நம்மளுதுதான் பாய். எங்க ஊட்டு நெலத்துல வெளஞ்சது. மண்ணு ஒட்டாம நல்லா காயுது" என்று ஒரு கைப்பிடி அள்ளி எனக்குக் கொடுத்தார். நானும் வாங்கி, ஓட்டை உரித்துக் கடலையைத் தின்றேன். அந்தக் காலிக் குளத்தின் விளிம்பில் நின்று தின்றேன். அதை நீங்கள் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

மறுநாள் எனக்குக் கொடுத்த தாளில் அணை நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது. "நமது நகர நீச்சல் குளத்தின் இன்றைய நீர்மட்டம்: பூஜ்யம் அடி."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "சிரிக்காம படிக்கணும். அணைக்கு எப்படிப் படிச்சீங்களோ அதே மாதிரி."

அப்படியே படித்தேன். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். வேறு ஒரு வார்த்தை கூட்டவில்லை, யாரையும் திட்டவில்லை. பத்து நாளில் ஊரே அதைப் பேசியது. காய்கறிக்காரம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சரம்மா, குளம் இன்னிக்கு எத்தினி அடி?" என்று கேட்பார். பேருந்தில் முகம் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதியது நீங்கள், பெயர் வாங்கியது நான்.

இரண்டு மாதம் ஓடியது. பிறகு நோட்டீஸ் வந்தது. செய்தியை எந்த அனுமதியின் பேரில் வாசிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. அரசுத் திட்டத்தைப் பற்றித் தவறான தகவல் பரப்புவதாகப் புகார் வந்திருக்கிறது, விசாரணைக்கு வரவும் என்று இன்னொன்று. ஊரில் இன்னும் சில உள்ளூர் சேனல்கள் இருந்தன. அவர்களிடம் இருந்த காகிதங்கள்தான் நம்மிடமும் இருந்தன. நோட்டீஸ் நமக்கு மட்டும் வந்தது.

"ஒரு குளத்துக்காக இவ்ளோ தேவையா பாய்? அந்த ஒரு வரிய எடுத்துடலாமே" என்றேன்.

கேமராவின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே சொன்னீர்கள். "எனக்கு ஒரு தம்பி இருந்தான். பத்து வயசு. ஊர்ல எல்லாப் பசங்களும் கிணத்துலதானே நீச்சல் கத்துக்கறாங்க. முதுகுல காலி டின்னக் கட்டிகினு எறங்குவாங்க. அவனும் எறங்கினான். கயிறு அவுந்துடுச்சி. நான் மேல நின்னு பாத்துகினு இருந்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது." வயரைச் சுற்றி முடித்தீர்கள். அப்புறம், "குளம் கட்றாங்கன்னு கேட்டப்ப நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாதும்மா" என்றீர்கள்.

ஊர் சிரித்த அந்த வரிக்குப் பின்னால் ஒரு பத்து வயதுப் பையன் இருந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் நான் செய்ததைச் செய்தேன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

விசாரணைக்கு முந்தைய வாரம் என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போய் வந்தார். அவருடைய அலுவலகத்தில் ஒருவர், "உங்க மிஸஸ்தானே அந்தக் குளம் மேட்டர் படிக்கிறாங்க? பர்மனென்ட் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கற நேரத்துல இதெல்லாம் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் கேட்டாராம். இரண்டு நாள் கழித்து எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். நோட்டீஸ் அனுப்பிய அதிகாரி என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"நீங்க படிக்கறவங்க. எழுதறது நீங்க இல்ல. சரிதானே?"

"ஆமாங்க சார்."

"அவ்ளோதாம்மா. அத எழுதிக் குடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது."

எழுதினேன். 'எனக்குக் கொடுக்கப்பட்டதைப் படித்தேன்' என்று முடித்துக் கையெழுத்துப் போடப்போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "அது உண்மையா பொய்யான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது இல்ல? அதையும் ஒரு வரி சேத்துடுங்க" என்றார். சேர்த்தேன். 'அச்செய்தி உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது.' நான் அந்தக் குளத்தின் விளிம்பில் நின்றவள், பாய்.

விசாரணை நாளில் என்னை ஒரு மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். உங்களிடம் நிறைய படங்கள் இருந்தன. நாள்வாரியாக எடுத்த காட்சிகள் இருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை. என் கடிதத்தைத்தான் உரக்கப் படித்தார்கள். "உங்க சேனல்ல நியூஸ் படிக்கிறவங்களே உண்மையான்னு தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இதுக்கு இன்னா சொல்றீங்க?"

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தாங்கியிருப்பேனோ என்னவோ. அதிகாரியைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அவங்க சொல்றது சரிதான் சார். அவங்க அந்த எடத்துக்கே வந்ததில்ல. நான் எழுதிக் குடுத்தேன், படிச்சாங்க. அவங்கள இதுல சேக்காதீங்க."

என்னைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் சொன்ன அந்தப் பொய்யால் உங்கள் தரப்பு சரிந்தது. குளத்தை உங்களோடு பார்த்த ஒரே சாட்சி நான்தான். காவலாளியை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

அந்த மாத முடிவில் மாடி அறைக்கு சீல் வைத்தார்கள். கேமரா, மிக்ஸர், மலைப்படப் பலகை எல்லாம் உள்ளே. நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. சுதந்திர தின விழாவுக்கு அறிவிப்பாளர் வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிறகு கலை விழா, விளையாட்டுப் போட்டி, புத்தகக் கண்காட்சி. தீபத் திருவிழாவில் கூட்டத்துக்கான அறிவிப்புகள் என் குரலில் வரும். சால்வைகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. வேலையும் பழகிவிட்டது. சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். அதுவரை மாணவிகள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். "இதோ வந்துகொண்டிருக்கிறார்" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு கலை விழாவில் கூத்துக் கலைஞர் ஒருவர் வேஷம் கட்டி முடிக்கவே அரை நாள் ஆகியிருந்தது. அவர் பாட்டில் பாதி போவதற்குள், "நன்றியுரைக்கு டைம் ஆச்சி, கட் பண்ணுங்க மேடம்" என்று பின்னாலிருந்து சொன்னார்கள். நான் மைக்கில், "மிக அருமை, பலத்த கரவொலி" என்றேன். கைதட்டலில் அவர் குரல் அமுங்கியது. கிரீடத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. இப்படி ஒருவரை மரியாதையாக நிறுத்துவதில் எனக்கு நல்ல பெயர்.

என் வீட்டுக்காரர் இன்னும் ஒப்பந்த ஊழியர்தான், பாய். அந்த லிஸ்ட் வரவே இல்லை.

நாம் அதன் பிறகு ஒரே ஒருமுறை பேசினோம். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதி வாசலில். நீங்கள் தோளில் டூல்ஸ் பையோடு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். டிஷ் ஆன்டெனா திருப்பிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் அலுவலகக் காரில் இருந்தேன். இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. முன்சீட்டில் அதிகாரி இருந்தார்.

"நல்லா இருக்கீங்களா பாய்?"

"இருக்கேம்மா. தீபத்துக்கு உங்க குரல் ஊரு பூரா கேட்டுது. நல்லா இருந்துச்சி. கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. கொழந்த பேரச் சொல்றப்ப மட்டும் நிதானமா சொல்லுங்க. பெத்தவங்க காதுல உழணும் இல்ல?"

கோபமாக ஏதாவது சொல்லியிருக்கலாம் நீங்கள். கார் கிளம்பிவிட்டது. அடுத்து நான் கேட்டது, உங்களை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போளூர் தாண்டியதும் உயிர் போய்விட்டது என்ற செய்தியைத்தான்.

போன வாரம் விழா முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி, பாபிதான் கதவைத் திறந்தார்கள். தையல் மிஷினில் துணி பாதியில் நின்றது. என் தோளில் விழாவில் போட்ட சால்வை அப்படியே இருந்தது; அதை மடித்துப் பைக்குள் வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கடைசி வரி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

பாபி அழுவார்கள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொன்னதில்லை என்பார்கள். நான் அழுதுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் போயிருந்தேன்.

"எனக்குத் தெரியும். விசாரணை அன்னிக்கு நானும் வந்திருந்தேன். வெளிய பெஞ்ச்ல உக்காந்திருந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சி" என்றார்கள்.

அப்போதுதான் தோளில் இருந்த சால்வையை எடுத்து மடியில் வைத்தேன்.

"அவருக்கு உங்கமேல கோவம் இல்ல. கடைசி வரைக்கும் இல்ல. 'சின்னப் பொண்ணு, பயந்துடுச்சி'ன்னுதான் சொல்வாரு." மிஷினில் நின்ற துணியை எடுத்து மடித்தார்கள். "எனக்கு இருக்குது. அப்பவும் இருந்துச்சி, இப்பவும் இருக்குது. அவரு இருந்தப்ப ஒரு நாள் வந்து இதச் சொல்லியிருந்தீங்கன்னா, அவரு கேட்டிருப்பாரு. இப்ப எங்கிட்ட சொல்றீங்க. நான் இன்னா பண்றது இத வெச்சிகினு?"

எழுந்தேன். பாபி வாசல்வரை கூட வந்தார்கள். வந்தவரை வழியனுப்பாமல் விடும் வழக்கம் உங்கள் வீட்டில் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. அலுவலகம். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

"மேடம், இன்னிக்கு சூப்பரா பண்ணீங்க. அடுத்த மாசம் கலை விழா. நீங்கதான் பண்ணணும்னு சார் சொல்லிட்டாரு."

பாபி நிலைப்படியில் நின்றார்கள். போனிலிருந்து வந்த குரல் அவர்களுக்கும் கேட்டிருக்கும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் எனக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியது.

"சரிங்க சார். வந்துடறேன்" என்றேன்.

உங்கள் பெருந்தன்மையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், பாய். இப்போது என்னோடு இருப்பது பாபியின் கோபம். தெருவில் இறங்கி நடந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அறைந்து சாத்தவில்லை. பாபி மெதுவாகத்தான் சாத்தினார்கள், தூங்குகிறவர் வீட்டில் இருந்தால் சாத்துவதுபோல. பிறகு தாழ்ப்பாள் போட்டார்கள்.